உங்களுக்குத் தெரியுமா? ராமானுஜனின் ஊகமும் 635,318,657 என்ற எண்ணும்

1729 என்றதும் கும்பகோணம் தந்த கணித மேதை ராமானுஜன் நினைவுக்கு வருவார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவகையில் எழுதக்கூடிய மிகச் சிறிய இயல் எண் அது. நான்காம் அடுக்கிலும் அப்படி ஓர் எண் உண்டா என்று பேராசிரியர் ஹார்டி கேட்டார். உதாரணம் உடனே தென்படவில்லை, ஆனால் அது மிகப் பெரியதாகவே இருக்கும் என்றார் ராமானுஜன். 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் கண்டறிந்த விடை 635,318,657. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தின் 2020 மக்கள்தொகையைப் போல் 360 மடங்குக்கும் மேல்! 59, 158 இவற்றின் நான்காம் அடுக்குகள் 12,117,361, 623,201,296. 133, 134 இவற்றின் அடுக்குகள் 312,900,721, 322,417,936. எந்த ஜோடியைக் கூட்டினாலும் இதே தொகைதான்.

ராமானுஜனின் ஊகம் குருட்டாம்போக்கில் பலித்ததா? இல்லை, அதற்குக் காரணம் உண்டு. 635 மில்லியன் வரை எண்ணினாலும் நான்காம் அடுக்கு எண்கள் வெறும் 158தான்; அவற்றில் அமையும் ஜோடிகள் அதிகபட்சம் 12,561. அத்தனை பெரிய பரப்பில் இவ்வளவு சில கூட்டுத்தொகைகள் சிதறிக் கிடக்கும்போது, இரண்டு ஒரே இடத்தில் விழுவது அபூர்வம். ‘அபூர்வம் என்பதாலேயே இதைவிடச் சிறியது இல்லை என்றாகுமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகாது, அதற்குத் தனி நிரூபணம் வேண்டும். இதுவே மிகச் சிறியது என்பதை 1957-இல் ஜான் லீச் நிறுவினார். உள்ளுணர்வு வழிகாட்டும், உறுதி தருவது நிரூபணமே. கணிதத்துக்கு இரண்டும் வேண்டும்.