சத்தம் வேறு, சக்தி வேறு

மணல்மேட்டிலும் காட்டுப் பாதையிலும் ஓட்டுவதற்கென்று செய்யப்படும் ஏடிவி வண்டிகளில் உரிமையாளர்கள் முதலில் கழற்றுவது பெரும்பாலும் சைலன்சரைத்தான். அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி. கூடிய காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோல் அளவையும் திருத்த வேண்டும் என்பது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. இன்ஜின் கெடுவது அங்கேதான்.

அமெரிக்காவில் மாற்று சைலன்சர் போன்ற உதிரிகள் குவிந்த வண்டிகளில் ஒன்று ஹோண்டா டிஆர்எக்ஸ்400இஎக்ஸ். 1999 மாடலாக வந்தது. 397 சிசி, ஒரே சிலிண்டர், நான்கு வால்வு, காற்றாலேயே குளிரும் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். எக்ஸ்ஆர்400 மோட்டார் சைக்கிளின் இன்ஜினையே அடிப்படையாகக் கொண்டது. பின்னாளில் 400எக்ஸ் என்று பெயர் மாறி 2014 மாடல் வரை விற்ற இந்த வண்டி, கடைசிவரை கார்புரேட்டரை விடவில்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே பிரித்துப் பூட்டலாம் என்பதால் இதில் கை வைக்காதவர் குறைவு.

கம்பெனியிலிருந்து வரும்போது இந்த இன்ஜினின் மூச்சு ஓரளவு இறுக்கப்பட்டே இருக்கும். சத்த வரம்பு, புகைக் கட்டுப்பாடு, காட்டுத்தீ பற்றிய அச்சம், தூசியும் தண்ணீரும் உள்ளே போய்விடக் கூடாது என்ற எச்சரிக்கை எல்லாம் சேர்ந்து செய்த இறுக்கம் அது. ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியின் மூடியில் காற்று நுழைய ஒரு சிறு குழாய்வழி மட்டும் இருக்கும். சைலன்சருக்குள் எரிந்த வாயு பல அறைகளில் திரும்பித் திரும்பி வெளியேறும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டுகளும் இந்த அளவான காற்றுக்குத் தகுந்தவைதான்.

இதில் எவ்வளவு காற்று புழங்குகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஓடும்போது ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் நொடிக்கு சுமார் 58 முறை காற்றை இழுக்கிறது. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் முழுதாக நிரம்பினால் நொடிக்கு 23 லிட்டர். நடைமுறையில் அவ்வளவு நிரம்புவதில்லை. எரிந்த வாயுவைப் பிஸ்டன் வெளியே தள்ளக் கிடைக்கும் நேரமோ நொடியில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இமைப்பொழுதில் வழியில் எது குறுக்கே நின்றாலும் அடுத்த முறை நுழையும் காற்று குறையும்.

எக்ஸாஸ்ட் குழாயை வெறும் வெளியேறும் வழி என்று நினைப்பது தவறு. வால்வு திறந்ததும் உயர் அழுத்த அலை ஒன்று குழாயில் ஓடுகிறது. குழாய் அகலமாகும் இடத்தை எட்டியதும் அதன் ஒரு பகுதி தாழ் அழுத்த அலையாக மாறி இன்ஜினை நோக்கித் திரும்புகிறது. எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிவதற்குள் இன்டேக் வால்வும் திறக்கத் தொடங்கும் சிறு இடைவெளி ஒன்று உண்டு. அலை சரியாக அப்போது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிஞ்சிய எரிந்த வாயுவை உறிஞ்சி எடுப்பதோடு புதிய கலவையையும் உள்ளே இழுத்துவிடும். குழாயின் நீளம் தீர்மானிப்பது இந்த நேரத்தைத்தான். ஆனால் ஒரு நீளம் ஒரு குறிப்பிட்ட சுற்று வேகத்துக்கே பொருந்தும். உயர்ந்த சுற்றில் லாபம் தரும் குழாய் தாழ்ந்த சுற்றில் நஷ்டம் தரலாம்.

குழாயின் அகலத்திலும் இதே கதைதான். 400இஎக்ஸின் சிலிண்டர் ஹெட்டிலிருந்து இரண்டு ஹெடர் குழாய்கள் வந்து ஒன்றாகச் சேர்ந்து சைலன்சருக்குப் போகின்றன. அவற்றை அளவுக்கு மீறி அகலமாக்கினால் வாயுவின் வேகம் தளர்ந்து, தாழ்ந்த சுற்றில் வண்டி இழுக்காது. இதைப் பார்த்துத்தான் இன்ஜினுக்குப் பின்னழுத்தம் வேண்டும் என்ற நம்பிக்கை பிறந்திருக்க வேண்டும். உண்மையில் பின்னழுத்தத்தால் எந்த இன்ஜினுக்கும் நன்மை இல்லை. தேவைப்படுவது வாயுவின் வேகம்.

மாற்று சைலன்சர்களில் பரவலானது நேர்வழி வகை. துளைகள் நிறைந்த ஒரு குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு, மேலே அலுமினிய அல்லது ஸ்டீல் உறை. வாயு தடையின்றிப் போகும்; சத்தத்தைப் பஞ்சு விழுங்கும். முனையில் வட்டத் தகடுகளை அடுக்கும் வகையும் உண்டு. தகடுகளைக் கூட்டினால் ஓட்டமும் ஓசையும் கூடும், குறைத்தால் இரண்டும் தணியும். எதைப் போட்டாலும் எடை குறைவது உறுதியான லாபம். சக்தி அப்படியல்ல. மற்றதைத் தொடாமல் சைலன்சரை மட்டும் மாற்றினால் கிடைப்பது சொற்பம்; உறுமல் கூடிய வண்டி வேகமாகப் போவதாகத் தோன்றுவது காதின் ஏமாற்று.

காற்று உள்ளே வரும் பக்கத்தில் செலவே இல்லாத மாற்றம் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றுவது. அப்போது ஃபில்டர் மணலுக்கும் சேற்றுக்கும் நேரே முகம் காட்டும். எண்ணெய் நனைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் தூசியை நன்றாகப் பிடிக்கும், கழுவி மறுபடி பயன்படுத்தலாம். பருத்தித் துணி ஃபில்டரில் காற்று தாராளமாக ஓடும் என்றாலும் மாவு போன்ற நுண்மணலில் ஸ்பாஞ்சே பாதுகாப்பு. கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகள் போன்ற இடங்களில் ஃபில்டருக்கு மேலே ஒரு துணி உறையையும் மாட்டுகிறார்கள். ஓடையைக் கடக்கும் பழக்கம் உள்ளவர்கள் மூடியைக் கழற்றாமலிருப்பதே நல்லது. தண்ணீர் அழுந்தாது. சிலிண்டருக்குள் புகுந்துவிட்டால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இனி பெட்ரோல். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். முழுச் சக்தி வேண்டுமானால் 13 பங்கை ஒட்டிய, சற்றுப் பெட்ரோல் மிகுந்த கலவை தேவை. இருபுற வழியையும் திறந்துவிட்டு ஜெட்டை மாற்றாவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் சூடேறும். ரேடியேட்டர் இல்லாத இன்ஜினில் அந்தச் சூடு எக்ஸாஸ்ட் வால்வையும் பிஸ்டனையும் தின்றுவிடும்.

கார்புரேட்டரில் த்ராட்டிலின் முதல் கால் பகுதியை ஆள்வது பைலட் ஜெட், நடுப்பகுதியை ஆள்வது நீடில், கடைசிக் கால் பகுதியை ஆள்வது மெயின் ஜெட். ஆகவே கோளாறு எந்த த்ராட்டில் நிலையில் வருகிறது என்று பார்த்தாலே எதை மாற்றுவது என்பது விளங்கும். த்ராட்டிலை விட்டதும் சைலன்சரில் படபடவென்று வெடித்தால் பைலட் ஜெட் சிறிதாக இருக்கலாம். ஹெடர் இணைப்பில் காற்று கசிந்தாலும் அதே சத்தம் கேட்கும் என்பதால் கேஸ்கட்டை முதலில் பார்ப்பது சிக்கனம். முழு த்ராட்டிலில் சிறிது தூரம் ஓட்டி, அப்படியே இன்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது மெக்கானிக்குகளின் பழைய முறை. பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும். கரி படிந்திருந்தால் சிறிதாக்க வேண்டும். இந்த ஒழுங்கும் ஓர் ஊருக்குத்தான். மலையில் ஏறினால் காற்று மெலியும், அதே ஜெட் அங்கே பெட்ரோலை அதிகமாக ஊற்றும்.

2006 மாடலாக வந்த யமஹா ராப்டர் 700 போன்ற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஜெட்டுகள் இல்லை. இன்ஜெக்டருக்குப் போகும் மின்குறியை இடைமறித்துத் திருத்தும் சிறு பெட்டியை மாட்டி, வண்டியைச் சக்தி அளக்கும் டைனோ உருளையில் ஓட்டி, ஒவ்வொரு சுற்று வேகத்துக்கும் பெட்ரோலின் அளவை எழுதிவிடலாம். வேலை துல்லியம்; செலவு கனம்.

சட்டமும் ஒதுக்கிவிடக்கூடியதல்ல. அமெரிக்க வனத்துறையின் காடுகளில் ஓடும் ஏடிவிக்குத் தீப்பொறித் தடுப்பான் கட்டாயம். கலிஃபோர்னியாவில் 1986 தொடக்கம் முதல் செய்யப்பட்ட வண்டிகளுக்கு ஒலி வரம்பு 96 டெசிபல். சைலன்சரின் வாயிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் ஒலிமானியை வைத்து அளக்கிறார்கள். 2006 மாடலிலிருந்து படிப்படியாக வந்த அமெரிக்க மத்திய அரசின் புகை விதிகளின்படி சான்று பெற்ற வண்டியில், அந்தச் சான்றுக்குப் புறம்பான மாற்றம் சட்டமீறல் ஆகும். போட்டிக்கு மட்டும் என்று முத்திரையிட்டு விற்கும் பல குழாய்களைப் பொதுப் பாதையில் ஓட்ட முடியாது.

வாங்கிய நாளில் ஒலி வரம்புக்குள் இருந்த நேர்வழி சைலன்சரும் அப்படியே நிலைப்பதில்லை. பஞ்சு கருகி, துளைகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துபோகும். ஓசை ஏறும், உறை சூடாகி நிறம் மாறும். ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்து, பழைய பஞ்சைச் சுரண்டி, புதியதை இறுக்கமாகச் சுற்றி மறுபடி ரிவெட் அடிப்பது அரை நாள் வேலை.