அரியலூர் மண்ணில் மறைந்த பெருவிலங்கு

இலுப்பூரிலோ அதன் சுற்றுப்புறத்திலோ எத்துணை ஆழமாகக் கிணறு வெட்டினும் தைனோசர் எலும்பு கிட்டாது. நம் பாறைகள் அவ்விலங்குகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இறுகியவை. ஆனால் திருச்சியைத் தாண்டி, கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர்ப் பகுதியை அடைந்தால் நிலைமை வேறு. ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது. இன்று சிமென்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகளில், ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட அம்மோனைட் என்னும் கடலுயிரின் ஓடுகள் கல்லாய்க் கிடைக்கின்றன.

அக்கடலை அடுத்த நிலத்தில் வாழ்ந்த பெருவிலங்கு ஒன்றின் எலும்புகள் கல்லமேடு என்னுமிடத்தில் அகப்பட்டன. யாதகிரி, அய்யாசாமி என்னும் புவியியலார் 1980-களில் அதற்குப் 'பிருகத்காயோசாரஸ்' எனப் பெயரிட்டனர்; பேருடல் கொண்ட பல்லி என்பது பொருள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே ஏறத்தாழ 2 மீட்டர்! முதலில் ஊனுண்ணி எனக் கருதப்பட்டது. நெடுங்கழுத்துடைய தழையுண்ணியே என்று பின்னர் அறிஞர் கொண்டனர்.

இத்தகைய விலங்குகள் ஏன் மடிந்தன? உடல் பருத்து, மதி குறைந்து, தாமே ஒழிந்தன என்று நம்மில் பலர் கேட்டிருப்போம். 15 கோடி ஆண்டுகளுக்கு மேல் தரையை ஆண்ட இனத்தைத் திறனற்றது என்பது எங்ஙனம்? 1980-இல் லூயி ஆல்வரெசும் அவர் மகன் வால்டரும் தம் குழுவினருடன் புதியதொரு விடை தந்தனர். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட களிமண் படலத்தில், விண்கற்களில் மிகுந்துள்ள இரிடியம் செறிந்திருந்தது. சுமார் 10 கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் மோதிய பள்ளம் மெக்சிகோவின் யுகாட்டனில் இருப்பதும் பின்னர் உறுதியாயிற்று. கிளம்பிய தூசும் புகைக்கரியும் கதிரவனை மறைத்தன. தழை கருகியது, தழையுண்ணி பட்டினியால் வீழ்ந்தது, அதைத் தின்றதும் உடன் வீழ்ந்தது. கடலில் அம்மோனைட்டும் ஒழிந்தது.

அக்காலத்தில் தக்காணத்திலும் எரிமலைக் குழம்பு பல லட்சம் ஆண்டுகளாகப் பொங்கி வழிந்தது. மும்பைக்குக் கிழக்கேயுள்ள மலைகளின் கரும்பாறை அடுக்குகள் அதன் எச்சம். எது முதற்காரணம் என்ற வழக்கு ஓயவில்லை. எரிமலை வானிலையைக் குலைத்திருக்கலாம், கொன்றது விண்கல்லே என்பது நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

குறைந்த இரையில் பிழைக்கவல்ல சிற்றுயிர்களே பெரும்பாலும் தப்பின. தைனோசர் கிளையில் பறவைகள் மட்டும் மிஞ்சின. நம் முற்றத்துக் கோழியும் அவ்வழி வந்ததே!

கல்லமேட்டு எலும்புகளோ இன்று இல்லை. நொய்ந்திருந்த அவை மழையீரத்தில் உதிர்ந்து போயின. அவ்விலங்கு நீலத் திமிங்கிலத்துக்கு நிகரான எடையுடன் இருந்திருக்கலாம் என 2023-இல் ஆய்வாளர் கணித்தனர். அளந்து பார்க்க எலும்பு இல்லை. பழைய கோட்டோவியங்களும் சில நிழற்படங்களுமே எஞ்சியுள்ளன.