மருந்து (சொல்)

மருந்து என்பது நோய் தீர்க்கும் பொருளைக் குறிக்கும் தமிழ்ச் சொல் ஆகும். விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலைகளில் இச்சொல் வெடிக்கும் வேதிக் கலவையைக் குறிக்கிறது. இது மூலத் திராவிட மொழியின் *மருந்து என்னும் வடிவிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுகிறது. உடுக்குறி, அவ்வடிவம் எழுத்துச் சான்றில் கிடைக்காத மீட்டுருவாக்கம் என்பதைக் காட்டும்.

இனச்சொற்கள்

மலையாளத்தில் மருன்னு, பழங்கன்னடத்தில் மர்து, பிற்காலக் கன்னடத்தில் மத்து (தகரம் மெலிந்து ஒலிக்கும்), துளுவில் மர்து, தெலுங்கில் மந்து என இச்சொல் வழங்குகிறது. வடக்கே வெகுதொலைவில் பேசப்படும் குருக் மொழியில் மந்தர் என்றும் மால்ட்டோவில் மந்த்ரு என்றும் உள்ளது. இவ்வேறுபாடுகள் தற்செயலானவை அல்ல. விருந்து என்னும் சொல்லும் மலையாளத்தில் விருன்னு, கன்னடத்தில் பிர்து, தெலுங்கில் விந்து என இதே முறையில் திரிந்துள்ளது. ஒரே ஒலிமாற்றம் பல சொற்களில் ஒழுங்காக நிகழ்வதே மீட்டுருவாக்கத்தின் அடிப்படை. தமிழில் மெல்லினம் வல்லினமாகி மருத்துவம், மருத்துவர், மருத்துவச்சி ஆகியவை பிறந்தன. திருக்குறளின் 95ஆம் அதிகாரத்தின் பெயரும் மருந்து என்பதே.

வெடிமருந்து எனும் பொருள்

தமிழில் வெடிமருந்து, மலையாளத்தில் வெடிமருன்னு, கன்னடத்தில் சிடிமத்து, தெலுங்கில் துபாகிமந்து என நான்கு மொழிகளிலும் இப்பொருள் காணப்படுகிறது. இதைக் கொண்டு மூலத் திராவிடர் வெடிமருந்தை அறிந்திருந்தனர் என முடிவு செய்வது பெரும்பிழையாகும். திராவிட மொழிக் குடும்பம் ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் பழமையானது என 2018இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வெடிமருந்தோ கி.பி. 9ஆம் நூற்றாண்டளவில் சீனாவில் தோன்றி, அதன் பின்னரே இந்தியாவை அடைந்தது. எனவே சொல் மரபுவழி வந்தது. இப்பொருள் மொழிகள் பிரிந்த பின் சேர்ந்தது.

இப்பொருள் மாற்றம் திராவிட மொழிகளுக்கு மட்டும் உரியதன்று. வெடிமருந்தின் சீனப் பெயரான ஹுவோயாவ் என்பதன் நேர்பொருள் 'தீ மருந்து'. சாவைத் தவிர்க்கும் மருந்து தேடிய இரசவாதிகளின் நூல்களிலேயே அக்கலவை பற்றிய தொடக்கக் குறிப்புகள் உள்ளன. பாரசீகத்தில் மருந்தைக் குறிக்கும் தாரூ, மராத்தியில் வெடிமருந்தையும் மதுவையும் குறிக்கிறது. தெலுங்கு மந்துவும் பேச்சுவழக்கில் மதுவைச் சுட்டும். இடித்துப் பொடித்து அளவறிந்து கலக்கும் செய்முறை, மருத்துவருக்கும் வெடி செய்பவருக்கும் பொதுவாக இருந்தது இதற்குக் காரணமாகலாம்.

சிவகாசி வழக்கு

வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றை எடையில் ஏறத்தாழ 75:15:10 என்ற விகிதத்தில் கலந்தால் கருமருந்து கிடைக்கும். வானில் வண்ணப் பொறிகளாகச் சிதறும் பட்டாசுகளுக்கான சிறு உருண்டைகள் மணிமருந்து எனப்படும். கலவையைக் குழாய்களில் நிரப்புவது 'மருந்து செலுத்துதல்' ஆகும். இப்பணிகளின்போது ஏற்படும் உராய்வு விபத்துகளுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய விபத்துச் செய்திகளில் வெடித்ததும் மருந்து, தீக்காயத்துக்கு இடுவதும் மருந்து. எது எதுவென்பதை இடமே உணர்த்தும்.