தடுப்பே அடியாகும் வித்தை

மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை கடலோரமாக நீளும் நம்முடைய ஊர்களில், கலியாண ஊர்வலத்தின் முன்னாலோ, விருந்தாளியை வரவேற்கும் விழாவிலோ, சிலம்படிக்காரர் இருவர் சலாவரிசை எடுத்து எதிரெதிரே கால் வைத்துக் கம்பு சுழற்றத் தொடங்கும்போது, சத்தத்துக்கும் வேகத்துக்கும் மயங்காமல் கம்பின் இரு நுனிகளை மட்டும் கூர்ந்து பார்க்கிறவருக்கு அந்த வித்தையின் உட்பொருள் ஒன்று புலனாகும். எதிராளியின் அடியை ஏற்ற கம்பு ஏற்ற இடத்திலேயே நின்றுவிடுவதில்லை; வந்த அடியின் பலம் அதன் ஒரு நுனியைத் தள்ள, அந்தத் தள்ளலையே தன் பலமாக வாங்கிக்கொண்டு அது பிடியில் திரும்ப, திரும்பிய கணத்தில் மறுநுனி எதிராளியின் தோளுக்கு நேரே போய் நிற்கிறது. ஒரே செய்கையின் முற்பாதி தடுப்பாகவும் பிற்பாதி அடியாகவும் அமைந்திருக்கிற இந்த அழகுக்காகவே சிலம்படியை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சீனடி சிலம்படி என்று சேர்த்தே வழங்கும் இக்கலையைப் பழக்குகிற அண்ணாவிமார் புதிய மாணவனுக்கு அடிமுறையை எளிதில் சொல்லிக் கொடுத்துவிடுவதில்லை. காலடி பழகி உடம்பு நிலைக்கு வந்த பிறகுதான் கம்புக்கு வேலை வருகிறது. அவ்வாறு எதிராளியின் முன் முதன்முதல் நிறுத்தப்பட்ட பையன், சுழல்கிற கம்பையே மிரண்டு பார்த்துக்கொண்டு கண்டபடி தடுக்க முயலும்போது, பக்கத்தில் நிற்கும் வயதானவர் சொல்லுகிற வார்த்தை ஒன்று உண்டு: “அவசரப்படாத மனே. கம்பப் பாக்காத, அவன்ட தோளப் பாரு.” கம்பு புறப்படுவதற்குமுன் கை புறப்படுகிறது, கை புறப்படுவதற்குமுன் தோள் அசைகிறது, ஆகையால் தோளைக் கண்டவனுக்குக் கம்பு வந்து சேருமுன் சிறிது அவகாசம் கிடைக்கிறது. அந்தச் சிறு அவகாசத்தில்தான் வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இவ்வளவையும் சொல்ல நேர்ந்த காரணம், அதே ஊர்களின் வாலிபர்கள் இப்போது இணையத்தின் வழியாக ஆடுகிற சண்டை விளையாட்டுகள் சிலவற்றில், அச்சு அசலாக இதே வித்தை வேறொரு வேஷத்தில் வந்து அமர்ந்திருப்பதும், அதைப் பயில்கிற பிள்ளைகளுக்கும் அவர்களைக் கவலையோடு பார்த்திருக்கிற வாப்பா உம்மாமாருக்கும் அது தெரியாமற் போயிருப்பதும்தான்.

சண்டை விளையாட்டு என்பது துப்பாக்கியோடு கூட்டங்கூட்டமாகத் திரிகிற விளையாட்டிலிருந்து வேறுபட்ட ஒரு ஜாதி. இங்கே திரையில் இரண்டே பாத்திரங்கள். அவற்றை ஆட்டுவிப்பவர்கள் இரண்டே மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்க்கோடு. அது முதலில் தீர்ந்தவர் தோற்றவர். 1991ஆம் ஆண்டில் ஜப்பானின் கேப்கொம் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ இந்த ஜாதிக்கு இலக்கணம் வகுத்தது. அதன் விதிப்படி அடிப்பதற்குப் பொத்தான்கள் உண்டு. தடுப்பதற்கோ, பாத்திரத்தை அசைக்கும் பிடியை எதிராளியிடமிருந்து அப்பால், அதாவது பின்புறமாக இழுத்து வைத்திருக்க வேண்டும். அடிக்கிறவன் முன்னே போகிறான், தடுக்கிறவன் பின்னே சாய்கிறான் என்ற இந்த ஏற்பாடு இயற்கையானதே ஆயினும், தடுப்பும் தாக்குதலும் அங்கே இரு வேறு வீடுகளாகவே இருந்தன.

1997இல் வந்த அவ்விளையாட்டின் மூன்றாம் வரிசையில் இந்தச் சுவர் இடிக்கப்பட்டது. ‘பாரி’ என்ற புதிய உபாயம் ஒன்றை அதில் சேர்த்தார்கள். அடி வந்து படுகிற அதே கணத்தில், பின்னே சாய்வதற்குப் பதிலாகப் பிடியை எதிராளியை நோக்கி முன்புறம் ஒருமுறை தட்ட வேண்டும். தட்டினால் அடி முழுவதும் விலகிப் போகும், தட்டியவருக்குத் திருப்பியடிக்க வாய்ப்பும் உடனே கிடைக்கும். கணம் தவறினாலோ, தடுப்பே இல்லாமல் முகத்தில் அடி வாங்க நேரும். தன்னைக் காத்துக்கொள்ள விரும்புகிறவன் ஆபத்தின் பக்கமாகக் கையை நீட்ட வேண்டும் என்று விதித்த அந்த மனிதர்களின் கற்பனையை என்னால் மெச்சாமல் இருக்க முடியவில்லை.

அந்த உபாயத்தின் பூரண ரூபத்தை உலகம் கண்டது 2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துப் பொமோனாவில் நடந்த, சண்டை விளையாட்டுகளுக்கான ‘ஈவோ’ போட்டியிலே. ஜப்பானியரான டைகோ உமெஹாராவும் அமெரிக்கரான ஜஸ்டின் வோங்கும் மோதிய அந்த ஆட்டத்தில், டைகோவின் பாத்திரமான கென்னுக்கு உயிர்க்கோடு ஏறக்குறைய அற்றுப் போயிருந்தது. சாதாரணமாகத் தடுத்தாலும் விசேஷ அடிகள் சிறிதளவு உயிரைச் சுரண்டும் என்பது இவ்விளையாட்டின் விதியாகையால், தடுத்தாலும் சாவு என்ற நிலை அது. வோங் தம்முடைய சுன்-லீயின் மகா பிரயோகத்தை ஏவினார். அடுக்கடுக்காகப் பதினைந்து உதைகள். டைகோ பதினைந்தையும், ஒவ்வொன்றும் வந்து சேரும் கணத்திலே, முன்புறம் தட்டித் தட்டி விலக்கினார். கடைசி உதையைத் தாவியெழுந்து வானத்திலேயே விலக்கி, இறங்கி வரும்போதே திருப்பியடித்து அந்தச் சுற்றை வென்றார். அரங்கத்தில் எழுந்த ஆரவாரம் இன்றும் காணொளியில் கேட்கிறது. அந்தப் போட்டியின் இறுதியாட்டத்தில் டைகோ தோற்றுப் போனார் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். கோப்பை யாருக்குப் போயிற்று என்பதைக் காட்டிலும் அந்தச் சில விநாடிகளே மனிதர்களின் மனத்தில் நின்றன.

அந்தச் சில விநாடிகளில் விரலின் வேகம் செய்த வேலை அற்பமே. அந்த மகா பிரயோகம் தொடங்கியதைக் கண்ட பிறகு கையை அசைப்பதென்றால் காலம் போதாது. ஆகவே வோங் அதை ஏவப் போகிறார் என்று டைகோ முன்னதாகவே எதிர்பார்த்து நின்றிருக்க வேண்டும். உதைகளின் தாளமோ அவருக்கு அப்பியாசத்தால் மனப்பாடம். அலைகளின் கணக்குப் பார்த்து நின்று, இரண்டு அலைகளுக்கு நடுவே தோணியைத் தள்ளுகிற நம் கடற்கரை மனிதர்களின் பொறுமையைப் போன்றது அது. அவர்களும் அலை தலைமேல் வந்த பிறகு யோசிக்கத் தொடங்குவதில்லை.

பின்னர் வந்த விளையாட்டுகள் இந்த உபாயத்தை எளியவர்களும் கையாளும்படி உருமாற்றின. 2008இல் வெளியான நான்காம் வரிசையில், வருகிற அடி ஒன்றை உடம்பிலே வாங்கிக்கொண்டு, வாங்கியபடியே ஓங்கித் திருப்பியடிக்கும் ‘ஃபோகஸ் அட்டாக்’ இடம்பெற்றது. ‘டெக்கன் 7’ என்ற வேறொரு விளையாட்டில் ‘பவர் கிரஷ்’ வந்தது. மேற்புறமும் நடுவுமாக வருகிற அடிகளை வாங்கிக்கொண்டே அது முன்னேறும், ஆனால் காலடியில் வருகிற அடிக்கும் பிடித்தெறிதலுக்கும் அது பணிந்துவிடும். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியான ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ அடியை விலக்குதல், அடியை வாங்கிக்கொண்டே திருப்பியடித்தல் என்ற இரு மரபுகளையும் ஒருங்கே எடுத்துக்கொண்டது. அதில் உயிர்க்கோட்டுக்குக் கீழே ‘டிரைவ்’ என்ற ஆறு கட்டங்கள் கொண்ட இன்னொரு கோடு உண்டு. ஒரு கட்டத்தைச் செலவழித்தால் ‘டிரைவ் இம்பாக்ட்’ என்னும் பேரடியை ஏவலாம். அது எதிராளியின் இரண்டு அடிகள் வரை வாங்கிக்கொண்டே வந்து மோதும். நடுத்தரக் குத்து, நடுத்தர உதை என்ற இரு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ‘டிரைவ் பாரி’. வருகிற அடிகளை அது விலக்கி, செலவான கோட்டையும் மீட்டுத் தரும். அடி வந்து படுவதற்குச் சரியாக இரண்டு பிரேம்களுக்குள் அதை அழுத்திவிட்டாலோ அது ‘பர்ஃபெக்ட் பாரி’ ஆகிறது. திரை ஒரு கணம் மெதுவாகி, எதிராளி திறந்த மார்போடு நிற்கிறார்.

பிரேம் என்பதை அறியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். திரையில் ஓடுகிற காட்சி ஒரு விநாடிக்கு 60 படங்களாக வந்து போகிறது. அந்த ஒரு படமே ஒரு பிரேம். ஆகவே இரண்டு பிரேம் என்பது ஒரு விநாடியை முப்பதாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. கண்ணாற் கண்டு விரலை அசைக்க மனித தேகத்துக்கு ஏறக்குறைய கால் விநாடி, அதாவது பதினைந்து பிரேம் அளவு, வேண்டியிருக்கிறது. டிரைவ் இம்பாக்ட் புறப்பட்டு வந்து படுவதற்கு 26 பிரேம் ஆகும். கவனமாயிருக்கிறவர் அதைக் கண்ட பின்னர் தாமும் ஒன்றை ஏவி முறியடிக்கலாம், பிந்தி ஏவியவருடையதே வெல்லும். இரண்டு பிரேமுக்குள் விழ வேண்டிய பர்ஃபெக்ட் பாரிக்கோ கண் மட்டும் போதாது, அனுமானமும் வேண்டும்.

இத்தனை வல்லமையுள்ள ஆயுதம் கிடைத்துவிட்டதே என்று புதிதாகப் பழகுகிறவர்கள் அதையே ஓயாமல் பிரயோகிக்கிறார்கள். அதனாலேயே தோற்றும் போகிறார்கள். பாரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரை எதிராளி நெருங்கி வந்து தூக்கியெறியலாம்; அவ்வாறு எறியப்படும்போது சேதம் வழக்கத்தைவிட அதிகம். கோட்டின் ஆறு கட்டங்களும் தீர்ந்துபோனால் பாத்திரம் களைத்துச் சாம்பல் நிறமாகி, பாரியும் இல்லை, பேரடியும் இல்லை என்ற பரிதாப நிலைக்கு இறங்குகிறது. அப்போது சுவரோரமாக ஒரு பேரடியைத் தடுக்க நேர்ந்தால் மயங்கி நிற்பதும் உண்டு. தடுப்பும் அடியும் கலந்த எந்தப் பிரயோகத்துக்கும் இப்படி ஒரு திறந்த வாசல் வைக்கப்பட்டேயிருக்கிறது. அந்த வாசலைத் தன்னுடைய உடம்பில் அறிந்திருப்பவனே அதை ஆள்கிறான் என்பது என் துணிபு. வல்லவர்களின் ஆட்டத்தைப் பாருங்கள்: முழுச் சுற்றிலும் பாரியை இரண்டொரு முறையே எடுப்பார்கள், ஆனால் எப்போது வேண்டுமானாலும் எடுப்பார்கள் என்ற பயம் எதிராளியின் கையைக் கட்டிக்கொண்டேயிருக்கும்.

இது இளங்கன்றுகளுக்கு மட்டும் உரிய வித்தை என்று நினைப்பவர்களுக்கு ஓர் உதாரணம். சீனாவின் ஹாங்ஜோ நகரில் 2023இல் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், மின்விளையாட்டுகள் முதன்முறையாகப் பதக்கத்துக்குரியவையாக ஏற்கப்பட்டபோது, ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ பிரிவில் தங்கம் வென்றவர் தென்கொரியாவின் கிம் க்வான்-வூ. அப்போது அவருக்கு வயது 44. தோளைப் பார்க்கப் பழகிய கண் எளிதில் முதுமை அடைவதில்லை.

நம் கடற்கரையிலிருந்து ஆடுகிறவர்களுக்குத் தூரம் என்ற தனி இடையூறு ஒன்று உண்டு. கல்முனையில் ஒருவர் பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தி தீவைக் குறுக்கே கடந்து மேற்கிலோ தெற்கிலோ கடலடிக் கேபிளில் இறங்கி, எதிராளி சிங்கப்பூரில் இருந்தால் கொழும்பிலிருந்து ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர் போக வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடினாலும், ஒரு திசைப் பயணத்துக்கே கிட்டத்தட்ட ஒரு பிரேம் செலவாகிறது. இடையிலுள்ள நிலையங்களின் தாமதம் அதன்மேல் கூடுகிறது. இரண்டே பிரேம் அவகாசமுள்ள வித்தைக்கு இது சிறு நஷ்டமன்று. டோனி கானன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய ஜிஜிபிஓ என்ற முறையும் அதன் வழிவந்தவையும் இதற்கு ஓரளவு பரிகாரம் செய்கின்றன: எதிராளி முன்பு செய்ததையே தொடர்வார் என்று யந்திரம் ஊகித்து ஆட்டத்தை நிறுத்தாமல் நடத்துகிறது, ஊகம் பொய்த்தால் சில பிரேம் பின்சென்று திருத்திக்கொள்கிறது. ஆட்டம் தடையின்றி ஓடுகிறது. ஆனால் எதிராளியின் அசைவில் ஆரம்பப் பிரேம்கள் சில கண்ணுக்குத் தெரியாமலே விழுங்கப்பட்டுவிடுகின்றன. நாம் நம்பியிருந்த தோளசைவு நமக்கு மறைக்கப்படுகிறது.

ஆகையால் இணையத்தில் மட்டும் ஆடிப் பழகுகிறவருக்கு இந்த வித்தை முழுமையாகக் கைவருவது அரிது. லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ், 2019 பெப்ரவரியில் ஜப்பானிலும், அதே ஆண்டு ஆகஸ்ட்டில் லாஸ் வேகாசிலும் ‘டெக்கன் 7’ வெற்றிகளை அடுத்தடுத்துப் பெற்றார். இரண்டாவதில் இறுதியாட்டத்தில் தென்கொரியாவின் ‘நீ’ என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரை வீழ்த்தினார். பெரும் அனுசரணையோ வசதியோ இல்லாத ஒரு தேசத்திலிருந்து அவர் எழுந்ததற்கு, லாகூரின் விளையாட்டுக் கடைகளில் ஒரே திரைமுன் தோளோடு தோள் உரச அமர்ந்து ஆடிய பழக்கம் பெருங்காரணம். நம்முடைய ஊர்களிலும் இரண்டு பிடிகளும் ஒரு விளையாட்டுப் பெட்டியும் உள்ள வீட்டில் நாலு பேர் கூடினால் அந்த வசதி கிடைத்துவிடும்.

தனியாகப் பழகுகிறவருக்கும் வழி இருக்கிறது, அதற்கு இணையமும் வேண்டியதில்லை. விளையாட்டுக்குள்ளேயே உள்ள பயிற்சிக்கூடத்தில் எதிர்ப்பாத்திரத்துக்கு மூன்று செய்கைகளைப் பதிவுசெய்து வையுங்கள்: ஒரு சாதாரண உதை, ஒரு பேரடி, நடந்து வந்து தூக்கியெறிதல். மூன்றில் எது வரும் என்று தெரியாதபடி அதைக் கலந்து ஆடவிட்டு, உதைக்குப் பாரியும் பேரடிக்கு எதிர்ப்பேரடியும் எறிதலுக்கு விடுவிப்பும் கொடுங்கள். முதலில் பாரியை எடுக்கவே வேண்டாம்; எது வருகிறது என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வெறுமனே பின்னே சாய்ந்து தடுத்து நில்லுங்கள். வந்ததை வந்தபடி சொல்ல வாய்க்குப் பழகிய பிறகு, அந்த இரண்டு பொத்தான்களின் மீதும் விரலை வையுங்கள்.