கோது கூறும் சாட்சி

கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய எம் பகுதி ஊர்களிலே, வயலில் இறங்கும் பன்றியை விரட்ட இடியன் துவக்கு வைத்திருந்த முதியோரைப் பலரும் அறிவர். குழலின் வாய்வழியே கரிமருந்தை இட்டு, இடித்து, கையளவை நம்பியே வெடிவைத்தனர். அப்பழக்கத்தை இக்காலப் புகையற்ற மருந்துக்கும் உரியதெனக் கருதுதல் உயிருக்கே உலையாகும்.

காரணம் யாதெனில், அடைபட்ட இடத்தில் புகையற்ற மருந்து எரியுங்கால் அமுக்கம் ஏறுகின்றது. அமுக்கம் ஏற ஏற மருந்து மேலும் விரைந்து எரிகின்றது. ஆதலின் உச்ச அளவை அண்மியபின் சிறிதளவு கூட்டினும் அமுக்கம் பெரிதும் உயரும். மோட்டார் வண்டிச் சில்லில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 30 இறாத்தல் அமுக்கம் உண்டு; .303 றைபிளுக்கு அமெரிக்க நியமம் விதித்த உச்சமோ 49,000 இறாத்தல்.

சட்டம் அனுமதிக்கும் நாடுகளிலே, சுட்ட கோதில் மீண்டும் மருந்திட்டுத் தோட்டா செய்வோர் பலர். நம் நாட்டில் துவக்கும் மருந்தும் அனுமதிப்பத்திரத்துக்கு உட்பட்டவை. ஆயினும் அத்தொழிலைத் தொடங்குவோர் முதலிற் பயிலும் பாடம் அறியத்தக்கது. அது சுட்ட கோதைப் படிக்கும் பாடமாகும்.

கோதின் அடியிலுள்ள கேப்பின் விளிம்பு உருட்சி இழந்து தட்டையாதல், ஊசி பதிந்த குழியைச் சுற்றி வரம்பு எழுதல், கேப்பின் ஓரத்திற் புகைக்கறை படிதல் என்பன முதல் அறிகுறிகள். கோதின் அடியில் வெளித்தள்ளியின் பளபளப்பான தழும்பு காணல், றைபிளின் தாழை உயர்த்தக் கடினமாதல், புதிய கேப்பு தன் குழியில் இறுகாது தளர்தல் ஆகியன அவற்றினும் கடியவை. இவை தோன்றின், பித்தளை தன் எல்லையைக் கடந்துவிட்டதென்க.

இச்சாட்சிகள் எப்போதும் மெய் கூறா. மென்மையான கேப்பு அளவான மருந்துக்கும் தட்டையாகும். கோதுக்கும் தாழுக்கும் இடைவெளி மிகினும் அவ்வாறே. வன்மையான கேப்போ அபாய அமுக்கத்திலும் வாளாவிருக்கும். எனவே குறி இல்லை என்பது குற்றம் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

வெப்பமும் ஒரு பகை. 1889இல் ஏபெல், டூவர் என்னும் இரசாயன அறிஞர் கோடைற்று மருந்தை ஆக்கினர். அது வெப்பநாடுகளிலே கூடிய அமுக்கம் தந்து, கோதுகளைக் குழலறையில் இறுகச் செய்தது. அதனால் பிரித்தானியத் துவக்குத் தொழிலாளர் இந்தியா, ஆபிரிக்கா முதலிய நாடுகளுக்கென மருந்து குறைத்த தோட்டாக்களைச் செய்தனர். எம் கரையோர வெயிலிற் கிடந்த தோட்டாவும், சுட்டுச் சூடேறிய அறையில் வைத்த தோட்டாவும் அவ்வாறே நடக்கும்.

ஆகவே, கற்போன் மருந்து உற்பத்தியாளர் வெளியிட்ட அட்டவணையின் தொடக்க அளவிலிருந்தே ஆரம்பிக்கவேண்டும். அது பெரும்பாலும் உச்ச அளவினும் பத்திலொரு பங்கு குறைந்திருக்கும். சிறுகச் சிறுகக் கூட்டி, ஒவ்வொரு கோதையும் நோக்குக. கோது, கேப்பு, குண்டு, மருந்து இவற்றில் ஒன்று மாறினும் மீண்டும் அடியிலிருந்து தொடங்குக. வேகமானி அட்டவணையினும் மிகுந்த வேகம் காட்டின், அதுவும் எச்சரிக்கையே. முதற்குறி கண்டவிடத்து நிறுத்துக. அட்டவணையின் உச்சத்தை ஒருபோதும் மீறற்க.

கோது சாட்சி கூறுவது வெடித்த பின்னரே. வெடிக்குமுன் காப்பது தராசும் அட்டவணையுமே. ஆய்வுகூடத்தில் அளந்து பழகிய மாணவர்க்கு இது புதிய பாடம் அன்று.