குரலை உரைத்துப் பாருங்கள்!

சரிகையின் தரத்தை அதன் மினுக்கைக் கொண்டு நிர்ணயிக்கும் நெசவாளர் காஞ்சியில் இலர். பட்டிழையின்மேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் ஏற்றியதே அசல் சரிகை. ஆயினும், நிறம் ஏற்றிய செம்பிழையும் பிளாஸ்டிக் இழையும் அதே மினுக்கைக் காட்டும். ஆகவே, சரிகையை உரைத்துப் பார்த்த பின்னரே நம்புகிறோம். கைப்பேசியில் வரும் குரலிடத்தும் இதே ஜாக்கிரதை இன்று அவசியமாகிவிட்டது.

நெசவுக் கூலியும் அரசு உதவித் தொகையும் இப்போது வங்கிக் கணக்கிலேயே சேருகின்றன. இதனால் விளையும் நன்மை பெரிது. ஆயினும், பெட்டியிலுள்ள பணத்தைத் திருடக் கள்வன் வீடு புகவேண்டும். கணக்கிலுள்ள பணத்தையோ உரியவரே எடுத்துக் கொடுக்கும்படி செய்துவிடலாம். 2023ஆம் ஆண்டில் 7,465 கோடி ரூபாயாக இருந்த இணைய மோசடி இழப்பு, 2024இல் 22,845 கோடியாக உயர்ந்ததென மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

மோசக்காரர் பூணும் வேடங்கள் பல. "இன்றிரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுடன் பேசுக" என்ற பொய்ச் செய்தி 2022இல் எங்கும் பரவியது, மின்வாரியம் எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் பெறும் பி.எம். கிசான் திட்ட விவசாயிகளுக்கு, ஏ.பி.கே. என முடியும் கோப்பொன்று வாட்ஸ்அப்பில் வரும். அதைத் திறந்து நிறுவினால், கைப்பேசிக்கு வரும் ரகசியச் செய்திகளையெல்லாம் அது களவாக வாசிக்கும். புடவை வாங்குவதாகக் கூறுவோர், "முன்பணம் அனுப்புகிறோம்; இக்கியூ.ஆர். கட்டத்தைப் படமெடுத்துப் பின் எண்ணை இடுங்கள்" என்பர். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்குப் பின் எண் வேண்டியதே இல்லை. அதை இட்டால் நம் பணம்தான் வெளியேறும். போலீஸ் உடையில் திரையில் தோன்றி, "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுவோரும் உளர். அத்தகைய கைது இந்நாட்டுச் சட்டத்தில் இல்லை.

வேடங்கள் பலவாயினும் அடையாளங்கள் மூன்றே. முதலாவது, அவசரம்: "இப்பொழுதே செய்க" என்பர். இரண்டாவது, ரகசியம்: "எவரிடமும் சொல்லாதீர்" என்பர். மூன்றாவது, ஓ.டி.பி., பின் எண் முதலியவற்றைக் கேட்டல். எந்த வங்கியும் இவற்றைக் கேட்பதில்லை. இவற்றுள் ஒன்று தென்படினும் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

பின்னர் உண்மையை அறிவது எங்ஙனம்? வந்த எண்ணிலேயே திரும்ப விசாரித்தல் கூடாது. கணக்குப் புத்தகத்தில் அச்சிட்ட எண்ணிலோ, வங்கிக்கும் சங்கத்திற்கும் நேரில் சென்றோ கேட்க வேண்டும். உண்மையான அலுவலகம் நாளைக் காலையிலும் அங்கேயே இருக்கும்.

பணம் போய்விட்டதாயின், அக்கணமே 1930 என்ற எண்ணில் தெரிவியுங்கள். திருடிய பணம் கணக்குக்குக் கணக்கு தாவிச் செல்லும். விரைந்து சொன்னால் வழியில் முடக்கி வைக்க இயலும். வங்கிக்கும் உடனே தெரிவிப்பது அவசியம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் தெரிவித்த பின் நேரும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டுமென்று கூறியது.

ஏமாந்தோர் பலர் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. பல நாள் தறியில் அமர்ந்து ஈட்டிய கூலி சில நிமிடங்களில் மறைவதோடு, அண்டை வீட்டாரும் அதே வலையில் விழ அம்மௌனம் இடமளிக்கிறது. மோசக்காரரின் பலம் நம்மைத் தனியே பிரித்து நிறுத்துவதில் இருக்கிறது. கூட்டுறவின் பலமோ ஒருவரையொருவர் கலந்து செயலாற்றுவதில் இருக்கிறது. ஆதலின், ஐயம் தோன்றியவுடன் வீட்டாரிடமும் சங்கத்திலும் ஒரு வார்த்தை கேட்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் வழக்கமாக்கிக்கொள்வாராக.