காங்கிரீட் போடுவதற்கு முன் ரிங்கைப் பாருங்கள்

சமையலறை கிரானைட்டுக்காக நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள், தூணுக்குள் போகும் கம்பியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஸ்ட்ரக்சுரல் டிராயிங் எங்கே என்றால், "மேஸ்திரிக்கு முப்பது வருஷ அனுபவம் சார்" என்கிறார்கள். அவர் கட்டிய எந்த வீட்டையும் நிலநடுக்கம் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சென்னைக்கு ஏது நிலநடுக்கம் என்பவர்களுக்கு: 2002இல் ஐ.எஸ். 1893 என்ற நிலநடுக்க விதியைத் திருத்தியபோது சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றப்பட்டது. 2001 ஜனவரியில் பூஜ் நிலநடுக்கத்தின்போது, 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கார் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் தூண்களை மட்டும் விட்டவை. நம் தெருக்களிலும் அதே பாணிதான்.

தூண் கம்பிகளைச் சுற்றும் ரிங்கின் இரு முனைகளும் உள்பக்கமாக 135 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். சட்டென்று 90 டிகிரியில் மடித்து விட்டுவிடுவது நம் ஊர்ப் பழக்கம். குலுக்கலில் அது பிரிந்துவிடும். தூணின் மேல், கீழ் முனைகளில் ரிங்குகள் நெருக்கமாக வர வேண்டும். ஐ.எஸ். 13920 சொல்வது இது. டிராயிங்கில் இந்த மடிப்புக் கோணமும், ரிங் இடைவெளியும், மண்டலமும், பதிவுபெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கையொப்பமும் இருக்கின்றனவா பாருங்கள். காங்கிரீட் போடுவதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள். போட்ட பிறகு அந்த ரிங்கை யாரும் பார்க்க முடியாது.

வாங்கிய ஃபிளாட்டா? ரியல் எஸ்டேட் சட்டம் பிரிவு 14(3)இன்படி, வீடு ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறையைத் தெரிவித்தால், பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். தெரிவிப்பது என்றால் போனில் கத்துவதல்ல. போட்டோ இணைத்து, ஒப்புகையுடன் பதிவு செய்த ஸ்பீட் போஸ்ட். அசையவில்லையென்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் படிவம் 'எம்'. நஷ்டஈடும் வேண்டுமென்றால் படிவம் 'என்'. எட்டு வீட்டுக்குள் அடங்கும் சின்னக் கட்டடம் அங்கே பதிவாகியிருக்காது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள், அங்கே கெடு 2 ஆண்டுதான்.

அனுமதிக் கோப்பில் என்ன கொடுத்தார்கள் என்று அறிய, சி.எம்.டி.ஏ. அல்லது உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஃபைல் கிடைக்கவில்லை" என்பார்கள், பழக்கப்பட்ட பாட்டு. உடனே முதல் மேல்முறையீடு செய்யுங்கள், அதற்கும் 30 நாள்தான் அவகாசம். 5 ஆண்டுக் கெடு அதற்காகவெல்லாம் நிற்காது. பில்டர் வாட்ஸ்அப்பில் "பார்க்கலாம் சார்" என்று அனுப்பியதை நம்பியும் காத்திராதீர்கள். இந்த வாரமே ஸ்பீட் போஸ்டை அனுப்பிவிடுங்கள்.